ஷரிபுதீனின் வெறும் வயிறு

உயிரே போனாலும் ரத்தம் கொடுப்பதில்லை என்று ஷரிபுதீன் முடிவெடுத்திருந்தார். கல்முனை பஸாரில் சாறன் துணிக்கடை வைத்திருக்கும் அவருக்கு ஊசிக்குப் பயமில்லை. ஊசிக்குப் பின்னால் வரும் முடிவுக்குத்தான் பயம். கூடப்பிறந்த மூத்த காக்கா கடைக் கதிரையிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மௌத்தானவர். இவருக்கும் இப்போது அதே வயது.

"ரத்தத்துல கொழுப்பையும் இன்னும் ரெண்டொரு சாமானையும் பாத்தா, மாரடைப்பு வருமாண்டு முன்கூட்டியே மட்டுக்கட்டலாம். பன்னிரண்டு மணித்தியாலம் வெறும் வயிறா வரணும்" என்று டொக்டர் சொல்லப்போக, மனைவி றுகையா அதையே பிடித்துக்கொண்டாள்.

ஷரிபுதீனும் லேசுப்பட்டவரல்ல. சோதனைக்குப் போகும் காலைகளில், விடியற்காலை சுபஹு தொழுதுவிட்டு வரும் வழியில், பராட்டாவும் மாட்டுக்கறியும் உள்ளே போய்விடும்.

"ஐயோ புள்ள, மறந்து திண்டிட்டன்!"

"போன கிழமையும் மறதிதானே?"

"வயசு போகுதில்லியா?"

"பராட்டாக் கடைக்குப் போற வழி மட்டும் மறக்காது."

அடுத்த தடவை றுகையா ஏசவில்லை. மெதுவாகச் சொன்னாள்.

"சுனாமி வந்த நாள் கடல் ஒரு வார்த்த சொல்லல்ல. என்ட உம்மாவக் கொண்டு போயிட்டு. ரத்தம் முன்கூட்டிச் சொல்லுதாமே. அதக் கேட்டா என்ன, மச்சான்?"

அவருக்கு நெஞ்சு கனத்தது. பயம் அதைவிடக் கனத்தது. "எல்லாம் அல்லாஹ்ட நாட்டம்" என்று நழுவிவிட்டார்.

நோன்பு வந்தது. நாட்டுச் சண்டை முடிந்து வந்த முதல் நோன்பு, பஸார் களைகட்டியிருந்தது. இனிப் பெருநாள் வரை சோதனைக் கதை இல்லை என்று விடியுமுன் நிம்மதியாகச் சஹர் சாப்பிட்டார் ஷரிபுதீன். எருமைத் தயிரை இரண்டாம் தரம் ஊற்றியபோதும் றுகையா வாய் திறக்கவில்லை. அங்கேயே அவர் உஷாராகியிருக்க வேண்டும்.

பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு, நோன்புக் கஞ்சி கொதிக்கும் நேரம், இரத்தப் பரிசோதனை நிலையத்துச் சுல்பிகா ஊசிப் பெட்டியோடு வீட்டுக்கே வந்துவிட்டாள். கஞ்சி வாங்கக் கோப்பையோடு பக்கத்து வீட்டு ஜுனைதாவும் நின்றாள்.

"கடைசியா எப்ப சாப்பிட்டீங்க?" என்றாள் சுல்பிகா.

"இப்பதான்..." என்று பழக்கதோஷத்தில் வாய் திறந்தது. ஜுனைதாவின் கண் விரிந்ததும் வாய் தானாக மூடிக்கொண்டது.

"சஹரோட சரி. பன்னிரண்டு மணித்தியாலம் தாண்டிட்டு" என்றாள் றுகையா.

"ரத்தம் எடுத்தா நோன்பு முறியும் புள்ள!"

"மௌலவிக்கிட்ட கேட்டாச்சி. முறியாதாம். திண்டாத்தான் முறியுமாம். திண்டீங்களா?"

ஷரிபுதீன் கையை நீட்டினார். மற்றக் கையை றுகையா பிடித்துக்கொண்டாள். ஊசியைக் கண்டதும் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டவள் அவள்தான். அதைப் பார்த்ததும் அவருக்கு வெட்கமாகிவிட்டது.

முடிவு வந்தது. கொழுப்புக் கொஞ்சம் கூடத்தான், ஆனால் வாயைக் கட்டினால் பயமில்லையாம். றுகையா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பெருநாள் கழிய இன்னொரு தடவை பார்க்க வேண்டும் என்றார் டொக்டர்.

பெருநாள் கழியவா? ஷரிபுதீனின் மூக்கில் பராட்டா மணத்தது.

"ஓம் டொக்டர், கட்டாயம் பாப்பம்" என்றாள் றுகையா. "பெருநாளுக்குப் புறகு புடிக்கிற ஆறு நோன்பு இருக்கே. இவருக்கும் சேத்துத்தான் நிய்யத்து வெச்சிருக்கன்."