ஏரி பார்த்த மனை

யாழிசை, முதலில் ஒரு விடுகதை. வாங்கும்போது தரையாக இருக்கும். குடிபோகும்போது தண்ணீராக இருக்கும். விற்கும்போது மறுபடியும் தரையாகிவிடும். அது என்ன?

ஐஸ் கட்டி இல்லை. கதையைக் கேள்.

ஒரு காட்டில் பொதி சுமக்கும் கழுதை ஒன்று இருந்தது. அது ஓய்வு பெற இன்னும் ஆறு மாதம். சுமந்து சுமந்து நான்கு முட்டிகளும் தேய்ந்துவிட்டன. ஈரமில்லாத இடத்தில் காலை நீட்டிப் படுக்க வேண்டும், அவ்வளவுதான் அதன் ஆசை. அதற்காக இருபது வருடமாக முப்பது மூட்டை கொள்ளு சேர்த்து வைத்திருந்தது.

சித்திரை மாதம் நரி வந்தது.

"அண்ணே, கொள்ளைச் சும்மா வச்சிருந்தா புழு தின்னுடும். நிலத்துல போடுங்க. ஞாயித்துக்கிழமை வேன் வருது. இடத்தைப் பாக்குறது இலவசம், சாப்பாடும் இலவசம்."

இடம் அகலமாக, மேடு பள்ளமில்லாமல் இருந்தது. மஞ்சள் கல் நட்டு, கொடி கட்டியிருந்தார்கள். மண் மட்டும் அப்பளம் போல வெடித்திருந்தது. நடுவில் ஒரு கொக்கு ஒற்றைக் காலில் நின்றது.

"இது ஏன் இங்க நிக்குது?" என்று கேட்டது கழுதை.

"மனை வாங்கத்தான். நீங்களே கேளுங்க."

கழுதை கேட்டது. "ஐப்பசிக்காகக் காத்திருக்கேன்" என்றது கொக்கு.

"பாத்தீங்களா, ஐப்பசியில ஏறும்னு அதுக்கே தெரிஞ்சிருக்கு" என்றது நரி.

பிறகு இலை போட்டார்கள். கழுதை மூன்று தடவை பாயசம் வாங்கிக் குடித்தது. அதற்குப் பிறகு "வீட்டில் கேட்டுச் சொல்கிறேன்" என்று சொல்ல அதற்கு வாய் வரவில்லை. பத்திரத்தில் குளம்பைப் பதித்தது.

ஐப்பசியில் ஓய்வு பெற்று, பாயைச் சுருட்டிக்கொண்டு மனைக்குப் போனது. அங்கே ஏரி இருந்தது. மஞ்சள் கல்லின் நுனி மட்டும் வெளியே தெரிந்தது. அதன் மேல் கொக்கு உட்கார்ந்து மீன் தின்றுகொண்டிருந்தது.

கழுதை நரியிடம் போய் நின்றது. "நான் எங்கடா படுப்பேன்?"

நரி அதன் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தது. "அண்ணே, உங்க முகத்தைப் பாத்தா யாருக்கும் சந்தேகமே வராது. இவ்வளவு நாள் இதை வச்சுக்கிட்டா மூட்டை தூக்குனீங்க? வேன்லயே படுத்துக்குங்க. ஈரம் வராது. ஞாயித்துக்கிழமை மட்டும் பரிமாறணும்."

அடுத்த சித்திரையில் ஏரி வற்றியது. வேனில் ஒரு கிழ எருது வந்து இறங்கியது. அதுவும் கழுதையும் ஒரே கிடங்கில் வேலை பார்த்தவை.

"அட, நீயா? இங்க வாங்கியிருக்கியா?"

"வாங்கியிருக்கேன்."

"தண்ணி வசதி எப்படி?"

"அதுக்கு மட்டும் குறையே இல்ல" என்றது கழுதை. எருதின் இலையில் மூன்றாவது தடவையாகப் பாயசம் ஊற்றியது.

நீதி: முதுமைக்கு நிலத்தை நம்பாதே, அப்பாவி முகத்தை நம்பு. அது தண்ணீரில் மூழ்காது.

நரி, கழுதை, கொக்கு மூன்றில் எதுவாக இருக்க விருப்பம் என்று யாழிசையிடம் கேட்டேன். கொக்கு என்றாள்.