முள்ளம்பன்றி முனைவரான கதை

ஒரு காட்டில் புலி, மான், நரி, முயல் எல்லாம் பகை மறந்து ஒற்றுமையாக வாழ்ந்துவந்தன. தினமும் மாலை ஏழரையிலிருந்து எட்டு மணிவரை. அப்போதுதான் ஆலமரத்தடித் தொலைக்காட்சிப் பெட்டியில் ‘நாலு பொந்து ஒரு வாசல்’ தொடர் ஓடும். விளம்பரம் வந்தால் மட்டும் புலி லேசாக மான் பக்கம் திரும்பிப் பார்க்கும். தொடர் மறுபடி வந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு பெட்டியைப் பார்க்கும்.

இந்தக் கூட்டத்தைக் கண்டாலே கோமளம் என்ற முள்ளம்பன்றிக்கு முள்ளெல்லாம் சிலிர்த்துக்கொள்ளும். “பெட்டி மூளையைத் தின்னுது” என்று காடு முழுக்கச் சொல்லிப் பார்த்தாள். ஒருவரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சரி, சும்மா சொன்னால்தானே கேட்கமாட்டார்கள், அடிக்குறிப்போடு சொல்வோம் என்று வனப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்கு விண்ணப்பித்தாள். நான்கு படிவங்கள் கேட்டார்கள். நான்கிலும் கையெழுத்து ஒரே மாதிரி இல்லை என்று இரண்டு முறை திருப்பியனுப்பிய பிறகு இடம் கொடுத்தார்கள்.

கைடாக வாய்த்தவர் ஒரு நாரை. ஒற்றைக்காலில் நின்றபடியே பேசுவார்.

“ஒரு எபிசோடு விடாம பாக்கணும்மா. ஒண்ணு விட்டாலும் தரவு செல்லாது.”

“மொத்தம் எத்தனை எபிசோடுங்க ஐயா?”

“இதுவரைக்கும் ஆயிரத்து நானூத்திப் பன்னெண்டு. நாம பாத்து முடிக்கிறதுக்குள்ள இன்னும் கொஞ்சம் வந்துடும்.”

கோமளம் வீட்டுக்கு வந்து, கணவன் மாசிலாமணியிடமும் மகள் தேனுவிடமும் ஆறே மாதத்தில் திரும்புவதாகச் சொல்லி, பல்கலைக்கழகத் துறையின் குகைக்குக் குடிபோனாள். தேனு வாசல்வரை வந்து காலைக் கட்டிக்கொண்டாள். கோமளத்துக்கும் அழுகை வந்தது. ஆனால் சமுதாயத்தின் மூளை பெரிதா, ஒரு குழந்தை பெரிதா?

ஆறு மாதம் மூன்று வருடமானது. முதலில் முகத்தைச் சுளித்துக்கொண்டு பார்த்தாள். பிறகு குறிப்பெடுத்துக்கொண்டு பார்த்தாள். நாயகி பொன்னரசியை மாமியார் மழையில் துரத்தியபோது விக்கி விக்கி அழுதாள். மற்றவர்கள் சாதாரணமாக அழுகிறார்கள், நான் விமர்சனப் பார்வையோடு அழுகிறேன் என்று அன்றைய குறிப்பில் எழுதிவைத்தாள்.

இரண்டாயிரமாவது எபிசோடில் ஒரு கூத்து நடந்தது. பொன்னரசியாக நடித்தவர் கால்ஷீட் தகராறில் விலகிவிட்டார். கதவைத் திறந்துகொண்டு வேறொரு முகம் வந்தது. கீழே ஒரு வரி ஓடியது: ‘இவருக்குப் பதில் இனி இவர்.’ அவ்வளவுதான். புது முகம் பழைய முகத்தின் அழுகையை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. ஆலமரத்தடியில் ஒருவர்கூட எழுந்திருக்கவில்லை.

கோமளம் ஓடிப்போய் முயலைப் பேட்டி எடுத்தாள்.

“உனக்கு ஒண்ணுமே தோணலையா?”

“ரெண்டு நாள் ஒரு மாதிரி இருந்துச்சுக்கா. அப்புறம் பழகிடுச்சு.”

கோமளத்துக்குக் கோபம் தலைக்கேறியது. பார்வையாளர்களின் சொரணையின்மை என்று ஐந்தாம் இயலுக்குத் தலைப்பிட்டு நாற்பது பக்கம் வாங்கு வாங்கென்று வாங்கினாள்.

ஆய்வேட்டை முடித்த கையோடு வீட்டுக்கு ஓடினாள். அடுப்படியில் வேறொரு முள்ளம்பன்றி கிழங்கு வேகவைத்துக்கொண்டிருந்தது. தேனு அதன் மடியில் சாய்ந்து கிடந்தாள்.

“யாருங்க இது?” என்றாள் கோமளம்.

மாசிலாமணிக்குக் கொஞ்சம் சங்கடந்தான். “நீ வரல. வீட்டு வேலை நின்னு போச்சு. இவங்க வந்தாங்க. நான் ஒரு அட்டையில எழுதி வாசல்ல தொங்கவிட்டேன்.”

வாசலில் அட்டை இன்னும் தொங்கியது: ‘கோமளத்துக்குப் பதில் இனி இவர்.’

“உங்களுக்கு ஒண்ணுமே தோணலையா?”

“ரெண்டு நாள் ஒரு மாதிரி இருந்துச்சு. அப்புறம்...”

கோமளம் மகளைப் பார்த்தாள். தேனு யோசித்துவிட்டு நேர்மையாகவே சொன்னாள்: “எனக்குப் பழைய அம்மாதான் பிடிக்கும். ஆனா இப்பதான் கதை நல்லா போகுது.”

கோமளம் அப்படியே திரும்பி நாரையிடம் போய் விழுந்து அழுதாள். நாரை ஆச்சரியத்தில் மற்றக் காலையும் தரையில் ஊன்றிவிட்டார்.

“அடடா, அடடா! இந்த மாதிரித் தரவு எவனுக்கும்மா கிடைக்கும்? பின்னிணைப்பாச் சேத்துடு.”

“ஐயா, என் பிள்ளை...”

“இப்ப நீ உள்ள போனா தரவு கலைஞ்சுடும். உனக்குப் பட்டம் வேணுமா, வீடு வேணுமா?”

கோமளம் அன்று சாயங்காலம்வரை யோசித்தாள். பிறகு நோட்டை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு எதிர்ப் புதரில் போய் உட்கார்ந்தாள். தேனு புது அம்மாவோடு சிரித்ததை நேரம் போட்டு எழுதினாள்.

வாய்மொழித் தேர்வுக்கு அயல்காட்டிலிருந்து கரடி வந்திருந்தார். ஆய்வேட்டில் பின்னிணைப்பை மட்டும்தான் படித்திருந்தார். ஏழேகால் ஆகிவிட்டதால் எல்லாருக்கும் ஆலமரத்தடிக்குப் போகும் அவசரம்.

“ஒரே ஒரு கேள்வி” என்றார் கரடி ஆவலாக. “அந்தப் பழைய அம்மா கடைசிவரை வீட்டுக்குத் திரும்பவே இல்லையா?”

கோமளம் தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

“இல்லைங்க ஐயா. கால்ஷீட் ஒத்துவரல.”

அரங்கமே எழுந்து கைதட்டியது. முனைவர் கோமளம் இரு கை கூப்பி வணங்கினாள்.

நீதி: தொலைக்காட்சியைச் சும்மா பார்ப்பவருக்குப் பொழுது மட்டும்தான் போகும். ஆராய்ந்து பார்ப்பவருக்குக் குடும்பமும் போகும்; அதைக் கேட்டு அழ நல்ல பார்வையாளர்கள் கிடைப்பார்கள்.