'தாவரங்கள்' விடுபட்ட பேனர்

நீர்நிலைகளுக்காக உடல், பொருள், ஆவி மூன்றையும் கொடுத்த உத்தமர்கள் உலகில் எத்தனையோ பேர். அவற்றோடு ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தையும் சேர்த்துக் கொடுத்தவர்கள் போடிநாயக்கனூர் 'நீரோட்ட நேசர் பேரவை'யினர் மட்டுமே. பேரவைத் தலைவர் ஏலக்காய் வியாபாரி உக்கிரபாண்டி. வாய்க்கால் மேல் அவருக்கு இருந்த பாசம் கொஞ்சநஞ்சமல்ல. அதைப் பிரிந்திருக்க மனமில்லாமல்தான் தன் குடோன் சுவரையே வாய்க்காலுக்குக் குறுக்கே இறக்கிக் கட்டியிருந்தார்.

சுவருக்குக் கீழே வேலுத்தாயின் வயல். நாற்று நட்டு ஒரு மாதமாகியும் தண்ணீர் எட்டிப் பார்க்கவில்லை. பயிர் மஞ்சள் தட்டிவிட்டது. இன்னும் ஒரு வாரம் போனால் மாட்டுக்குத்தான் ஆகும். சுவரை எடுக்கச் சொல்லி நாலு திங்கட்கிழமை மனு கொடுத்தாள். நாலும் 'பரிசீலனை'யில் சௌக்கியமாக இருந்தன.

பேரவை தீவிரமாக ஆலோசித்து, தண்ணீர் வராததற்குக் காரணம் ஆகாயத்தாமரையே என்று கண்டுபிடித்தது. 'வாய்க்கால் ஆக்கிரமிப்புத் தாவரங்கள் அகற்றும் மாபெரும் முகாம்' என்று பேனருக்கு எழுதிக் கொடுத்தார்கள். கும்பிட்ட கையோடு தலைவரின் படத்தைப் போட்டதும் பேனரில் இடம் பத்தவில்லை. படத்தைச் சுருக்குவதா, எழுத்தைச் சுருக்குவதா? பேனர் கடைக்காரர் பிழைக்கத் தெரிந்தவர். 'தாவரங்க'ளைத் தூக்கிவிட்டார்.

ஞாயிறு காலை, சுவரருகே கட்டியிருந்த பேனரை வேலுத்தாய் எழுத்துக் கூட்டிப் படித்தாள். 'வாய்க்கால் ஆக்கிரமிப்பு அகற்றும் மாபெரும் முகாம்.' பக்கத்தில் கும்பிட்டபடி உக்கிரபாண்டி. மன்னிப்புக் கேட்கிறார் போல என்று அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

மேற்கே சற்றுத் தள்ளி, நாற்பது தன்னார்வலர்கள் ரப்பர் கையுறை மாட்டி, பிடுங்கிய ஒரே ஒரு செடியோடு மாறி மாறிப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். சிறப்பு விருந்தினரான அதிகாரி வரும்வரை மற்ற செடிகளைத் தொடக் கூடாது என்று தலைவர் உத்தரவு. ஜேசிபி ஓட்டுநர் ராக்கையாவை 'வாய்க்காலுக்கு வா' என்று மட்டும் சொல்லி வரவழைத்திருந்தார்கள். போடிமெட்டு ரோட்டு வேலையைப் பாதியில் விட்டு வந்தவர், பேனரைப் படித்துவிட்டு வேலுத்தாயிடம் கேட்டார்.

“யக்கா, ஆக்கிரமிப்பு எது?”

“இந்தா நிக்கிதுல்ல அப்பு, இந்தச் செவருதேன்.”

“ஓனரு சண்டைக்கு வரமாட்டாரா?”

“அவருதேன் பேனர்ல கும்பிட்டுக் கேக்குறாரே! வெரசா இடி.”

மூன்றே இடி. சுவர் சாய, தண்ணீர் குபுகுபுவென்று கீழே பாய்ந்தது. உக்கிரபாண்டி வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார்.

“அடப்பாவி! செடிய அள்ளத்தானடா ஒன்னக் கூப்ட்டேன்!”

“செடின்னு பேனர்ல எங்கண்ணே இருக்கு?”

அதற்குள் அதிகாரியின் ஜீப் வந்து நின்றது. அவர் இடிந்த சுவரைப் பார்த்தார், பேனரைப் பார்த்தார், நெகிழ்ந்துபோனார். “சொந்தச் சுவரையே இடிச்சு முன்மாதிரியா நிக்கிறீங்களே!” என்று தலைவருக்குப் பொன்னாடை போர்த்தினார். நாற்பது பேரும் கைதட்டினார்கள். கையுறையோடு தட்டியதால் சத்தம் சற்றுக் குறைவு. படம் எடுக்கிறார்களே என்று உக்கிரபாண்டியும் சிரித்து வைத்தார்.

மூன்று நாள் தண்ணீர் பாய்ந்தது. பயிர் பச்சை திரும்பியது. நாலாம் நாள் சுவர் மறுபடி எழுந்து நின்றது, தண்ணீர் நின்றுபோனது. இந்த முறை தன்னார்வலர்கள் படமே எடுக்காமல் வேலை பார்த்தார்கள். செங்கல் கைக்குக் கை பறந்தது.

பயிர் கருகத் தொடங்கியதும் வேலுத்தாய் ஐந்தாவது மனுவோடு அதிகாரியின் அலுவலகத்துக்குப் போனாள். எழுத்தர் யோகராஜ் ஃபைலைப் புரட்டினார். சுவர் இடிந்த படமும் பொன்னாடைப் படமும் முத்திரையோடு இருந்தன.

“ஆக்கிரமிப்பு அகற்றப்பட்டதுன்னு ஃபைல முடிச்சாச்சும்மா. இல்லாத சுவருக்கு எப்படி மனு வாங்குறது?”

“அப்ப எந் தண்ணிய எதுய்யா மறிக்குது?”

யோகராஜ் கடமை தவறாதவர். கடைசிப் பக்கம் வரை தேடினார். “ஆகாயத்தாமரைதான். கரையில வயல் வச்சிருக்கவங்க எடுக்கலைன்னு பேரவையில எழுதிக் குடுத்திருக்காங்க. உங்க பேருக்கு நோட்டீஸ் இருக்கு. கையெழுத்துப் போட்டு வாங்கிக்கங்க.”

வேலுத்தாய் பேனாவை வாங்கினாள்.

“வாய்க்கால்ல அவுக புடுங்குனது ஒத்தச் செடி. மிச்சம் பூராம் தண்ணிய மறிச்சு எம் வயல்லதேன் புடுங்குனாக. அதயும் எழுதுங்கய்யா, கையெழுத்துப் போடுறேன்.”