பந்தயத்துக்கும் ஆகும், பயணத்துக்கும் ஆகும்

எங்கள் குடும்பத்தில் ஒரு பொருள் இரண்டு வேலை செய்யாவிட்டால் அதற்கு வீட்டுக்குள் இடமில்லை. பழைய வேட்டி பால் வடிகட்டும். இன்னும் பழசானால் தரை துடைக்கும். சாய்வு நாற்காலி பகலில் அப்பாவைத் தாங்கும், மழைக்காலத்தில் ஈரத்துணியைத் தாங்கும். அதனால் அக்காவின் கணவர், எங்கள் அத்திம்பேர், பாய்மரப் படகு வாங்கப்போகிறார் என்றதும் அக்கா கேட்ட முதல் கேள்வி, "அதுல வேற என்னல்லாம் பண்ணலாம்?" என்பதுதான்.

அத்திம்பேர் ராயப்பேட்டையில் பல் டாக்டர். வாரம் முழுவதும் பிறர் வாய்க்குள் குனிந்து பார்த்த அலுப்புத் தீர, ஞாயிற்றுக்கிழமைகளில் துறைமுகத்தில் யாருடைய சின்னப் படகையாவது ஓட்டுவார். எழுபதுகளின் தொடக்கத்தில் அவருக்குத் திடீரென்று ஆழ்கடல் பந்தயத்தில் ஜெயிக்கும் ஆசை வந்துவிட்டது. அக்காவுக்கோ, அதே படகில் ஆத்து மனுஷா எல்லோரும் மகாபலிபுரம் போய், வழியில் சுடச்சுட இட்லி சாப்பிட வேண்டும். படகைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. (எனக்கிருந்த அனுபவம்: ஒரு நண்பனின் படகு கவிழாமலிருக்க, அவன் சொன்ன பக்கம் போய் உட்கார்ந்தது. அரிசி மூட்டை அதை என்னைவிட நன்றாகச் செய்யும்.)

நான் மறுக்காததற்குக் காரணம் வசந்தா. என் ஆபீஸில் வேலை பார்த்த கோடம்பாக்கத்துப் பெண். தெலுங்கு பேசும் குடும்பம். எங்கள் மயிலாப்பூர் வீட்டில் காதல் விஷயத்தை அப்பா காதில் போடும் தைரியம் இரண்டே பேருக்குத்தான் இருந்தது. "வேகமா ஓடற படகா பார்த்துக் குடு, மாமாகிட்ட நான் பேசறேன்" என்றார் அத்திம்பேர். "சமைக்க இடம் இருக்கற படகா பாருடா, அப்பாவை நான் பார்த்துக்கறேன்" என்றாள் அக்கா. ஒருவர் சொன்னதை மற்றவரிடம் சொல்லாமல் இருவருக்கும் தலையாட்டி வைத்தேன்.

ஊருக்குத் திரும்பவிருந்த சில வெள்ளைக்காரர்கள் படகுகளை விற்றுக்கொண்டிருந்தார்கள். ஒன்று மெலிசாக, கத்தி மாதிரி இருந்தது. உள்ளே உட்கார்ந்தால் முழங்கால் மோவாயில் இடித்தது. இன்னொன்றில் கட்டில், அடுப்பு, கக்கூஸ் எல்லாம் இருந்தன. வேகம் மட்டும் இல்லை. மூன்றாவதில் உயரமான பாய்மரமும் இருந்தது, குட்டி அடுப்படியும் இருந்தது. "இது பந்தயத்துக்கும் ஆகும், பயணத்துக்கும் ஆகும்" என்று தீர்ப்புச் சொன்னேன். சொன்னதில் பொய்யில்லை. காலியாக இருந்தால் பந்தயப் படகு, சாமான் ஏற்றினால் பயணப் படகு. இரண்டும் ஒரே நாளில் நடக்காது என்பதுதான் என் மண்டையில் ஏறவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓட்டிப் பார்க்க அனுமதி கிடைத்தது. அத்திம்பேர் என்னைத் தனியே அழைத்து, "வேண்டாத கனத்தையெல்லாம் இறக்கிடு" என்றார். படகுக்குள் இருந்ததிலேயே கனமாக, துருப்பிடித்து, ஒரு வேலையும் செய்யாமல் கிடந்தது நங்கூரம். சங்கிலியோடு தூக்கிக் கரையில் வைத்தேன். சற்று நேரத்தில் அக்கா டாக்சியில் வந்து இறங்கினாள். இட்லிப் பானை, மண்ணெண்ணெய் ஸ்டவ், தண்ணீர்க் குடம், கூடவே ஒரு சாக்கு. சாக்குக்குள் அம்மியும் குழவியும்.

"கெட்டிச் சட்னி அரைக்க வேண்டாமா? அவர்கிட்ட மூச்சு விடாதே."

விடவில்லை. (அம்மியைத் தூக்கிக்கொண்டு எங்கே மூச்சு விடுவது?)

காலைக் காற்றில் படகு பறந்தது. சாந்தோம் தாண்டியதும் அத்திம்பேர் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "கனத்தை இறக்கினதுதான் காரணம்!" என்று என் முதுகில் தட்டினார். எனக்கு அப்போதே நாதஸ்வரம் கேட்டது. அடையாறு முகத்துவாரத்துக்கு நேராக வந்தபோது காற்று நின்றது. பாய் தொங்கியது. அலை எங்களை மெல்ல மெல்லக் கரைப்பக்கம் தள்ளியது. அங்கே அலைகள் உடைந்து நுரைத்துக்கொண்டிருந்தன.

"நங்கூரத்தைப் போடு!"

"அத்திம்பேர்..."

"போடுடான்னா!"

"அது கரையில இருக்கு, அத்திம்பேர்."

ஒரு பல் டாக்டர் வாயைத் திறந்தபடி நின்றதை அன்றுதான் பார்த்தேன்.

அக்காதான் முதலில் எழுந்தாள். "டேய், சாக்கை அவிழு." அம்மி வெளியே வந்தது. அத்திம்பேர் அம்மியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"இதை எப்போ ஏத்தினே?"

"அதை இறக்கின கையோட."

அம்மியைக் கயிற்றால் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டிக் கடலில் தள்ளினோம். குழவியும் உருண்டு விழுந்து ஒரேயடியாகப் போய்ச் சேர்ந்தது. கயிறு விறைத்தது. படகு கொஞ்ச தூரம் இழுபட்டு, தயங்கி, நின்றது. அக்காவையும் அத்திம்பேரையும் கொன்றிருப்பேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

கட்டுமரத்தில் இரண்டு மீனவர்கள் வந்தார்கள். பெரியவர் கயிற்றைப் பிடித்துத் தண்ணீருக்குள் எட்டிப் பார்த்தார்.

"இன்னா நைனா, அம்மிய கட்டி வுட்டுக்கினு நிக்கிற? சட்னி அரைக்கவா இம்மாந்தூரம் வந்தே?"

சிரித்து ஓய்ந்த பிறகு அம்மியை மேலே இழுத்துப் படகில் ஏற்றிவிட்டு, எங்களைக் கட்டி இழுத்து, கரையிலிருந்து தள்ளிக் கொண்டுபோய் விட்டார்கள். அக்கா இருவருக்கும் இட்லி கொடுத்தாள். "சட்னி இல்லியா?" என்றார் பெரியவர். நாங்கள் மூவரும் வெவ்வேறு திசையைப் பார்த்தோம்.

பிற்பகல் கடற்காற்றில் திரும்பும்போது அக்கா கேட்டாள்: "வசந்தா விஷயமா அவரும் உனக்கு வாக்குக் குடுத்தாரா?" ஆமாம் என்று தலையாட்டினேன். எல்லாம் போயிற்று என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அன்று மாலை இருவரும் சேர்ந்து அப்பாவிடம் போனார்கள். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். "மாமா, இவனைத் தனியா விட்டா நங்கூரத்தைக் கரையில வெச்சுட்டுக் கடலுக்குப் போயிடுவான். அந்தப் பொண்ணு கையில சீக்கிரம் பிடிச்சுக் குடுத்துடுங்கோ" என்றார் அத்திம்பேர். அப்பா, "அந்தப் பொண்ணுக்கு இவனைப் பத்தித் தெரியுமோ?" என்று மட்டும் கேட்டார்.

படகையும் வாங்கினார்கள், அக்கா போட்ட நிபந்தனையோடு: பந்தயத்தன்று அவள் வரமாட்டாள், அவள் வருகிற அன்று அத்திம்பேர் கடிகாரம் கட்டக்கூடாது.

தி.நகர் மண்டபத்தில் கல்யாணம். அம்மி மிதிக்க அக்கா கொண்டுவந்து வைத்தது அதே அம்மி. வசந்தாவின் காலைப் பிடித்து அதன்மேல் வைத்தேன். "இந்தக் கல்லைப் போல உறுதியா இரும்மா" என்று சாஸ்திரிகள் மந்திரத்துக்கு அர்த்தம் சொன்னார். "கல்லைப் பத்திக் கவலையே வேண்டாம், சாஸ்திரிகளே!" என்று அத்திம்பேர் மண்டபமே அதிரக் கத்தினார். "கடல்லயே இறக்கிப் பார்த்தாச்சு!"

வேறொரு குழவியோடு அந்த அம்மி இன்றும் எங்கள் சமையலறையில் இருக்கிறது. ஊருக்குக் கிளம்பும்போது, பெட்டி கனக்கிறதே, எதையாவது எடுத்துவிடலாமா என்று நான் வாயைத் திறந்தால் போதும், பேரக்குழந்தைகள்வரை சிரிக்கிறார்கள். வசந்தா மட்டும் சிரிப்பதில்லை. போய்ப் பெட்டியின்மேல் உட்கார்ந்துகொள்கிறாள்.