பதினோரு தோல்விகளுக்கு நன்றி

ஹார்லோ, ஒஹாயோ
டிசம்பர் 9

அன்பும் மதிப்பும் நிறைந்த லொரெட்டா அக்காவுக்கு, தம்பி எமில் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் இடது முழங்காலும் நலம்; வலது முழங்காலைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. அரிசோனா வெயிலில் நீயும் அத்தானும் சுகமாக இருக்க ஆண்டவரை வேண்டுகிறேன். நீ அனுப்பிய பேரீச்சம்பழக் கேக் உடையாமல் வந்தது. உடைக்கத்தான் சற்றுப் பாடுபட்டேன்.

அக்கா, நம் ஊர் ஹெரன்ஸ் கால்பந்து அணி பதினோரு ஆட்டம் ஆடிப் பதினொன்றிலும் தோற்றதும், பயிற்சியாளர் வெண்டல் ஸ்டிக்னியை வேலையிலிருந்து தூக்கியதும் உனக்கு எட்டியிருக்கும். அன்று ஊரே கார் ஹாரனை அடித்துக் கொண்டாடியது. நான் மட்டும் சமையலறையில் உட்கார்ந்து அழுதேன். காரணத்தை உன்னிடம் மட்டும் சொல்கிறேன். காஸ் அண்ணன் காதுக்கு ஒரு சொல் போகக் கூடாது.

ஆம், காஸ்தான். அப்பா அடக்கத்தன்று நடந்ததை நீ மறந்திருக்க மாட்டாய். பன்னிரண்டு வருடத்துக்கு முன், ஜனவரியில், கால் இறுதி ஆட்டம் நடந்துகொண்டிருந்த அதே மணியில் பாதிரியார் ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தார். நான் காதுக்குள் சின்ன ரேடியோவை வைத்திருந்தேன். அப்பா என் இடத்தில் இருந்திருந்தால் அவரும் அதைத்தான் செய்திருப்பார். ஆனால் "நித்திய இளைப்பாற்றியை" என்று பாதிரியார் சொன்ன நொடியில் நம் ஆள் பந்தைக் கையில் ஏந்தி எல்லைக் கோட்டைத் தாண்டிவிட்டான், நானும் "போட்டான்டா!" என்று கத்திவிட்டேன். கல்லறைத் தோட்டத்திலேயே காஸ் என் கோட்டைப் பிடித்து, "இனிமே நீ எனக்குத் தம்பி இல்ல, நான் அந்த மைதானத்துப் பக்கமும் தலைவச்சுப் படுக்க மாட்டேன்" என்றான். சொன்னபடியே பன்னிரண்டு வருடம் ஒற்றைக் காலில் நின்றான். நானும் சளைக்கவில்லை.

இந்த வருடம் முதல் மூன்று ஆட்டமும் போயின. எங்கள் வடக்குப் பார்வையாளர் மேடையின் வழக்கம் உனக்குத் தெரியாததா? தொடர்ந்து மூன்று தோற்றால் மளிகைக்கடைக் காகிதப் பையில் கண்ணுக்கும் வாய்க்கும் ஓட்டை போட்டுத் தலையில் கவிழ்த்துக்கொள்ள வேண்டும். ஜெயிக்கிற நாளில்தான் கழற்ற வேண்டும். நான்காம் ஆட்டத்துக்குப் பையோடு போய், நீ கிறிஸ்துமஸுக்குத் தைத்து அனுப்பிய ஊதா மெத்தையைப் போட்டு உட்கார்ந்தேன். வருடக்கணக்காகக் காலியாய்க் கிடந்த பக்கத்து இருக்கையில் இன்னொரு பை வந்து அமர்ந்தது.

"தம்பி, இந்த இடம் காலிதானே?"

"உக்காருங்க சார். இந்த ஊர்ல இப்ப எல்லா இடமும் காலிதான்."

ஆட்டம் போன போக்கைச் சொல்கிறேன், கேள். உதைக்கப் போனவனின் காலணி கழன்று கம்பங்களுக்கு நடுவே அழகாகப் பறந்தது, பந்து மட்டும் பறக்கவில்லை. அதற்குப் புள்ளி கேட்டு ஸ்டிக்னி நடுவரிடம் வாதாடப் போனார், போன வேகத்தில் நம் தண்ணீர்த் தொட்டியையே தட்டிவிட்டார், அந்த ஈரத்தில் நம் ஆட்கள் மூவர் வழுக்கி விழுந்தார்கள், எதிரணிக்காரன் அவர்களைத் தாண்டி நடந்தே போய்ப் புள்ளி எடுத்தான். ஓடக்கூட இல்லை, அக்கா! அப்போது பக்கத்துப் பை கையுறையைக் கழற்றிவிட்டுத் தன் இடது காது மடலைப் பைக்கு வெளியே இருந்து பிடித்து முறுக்கியது. அப்பா அப்படித்தான் முறுக்குவார். அவருக்குப் பிறகு உலகத்தில் ஒருவன்தான் அப்படி முறுக்குவான். என் கையிலிருந்த சாசேஜ் விழுந்துவிட்டது.

எழுந்து ஓடியிருக்கலாம். ஓடவில்லை. வாயில் இரண்டு புதினா மிட்டாயை அடக்கிக் குரலை மாற்றினேன், பெயர் வால்ட்டர் என்றேன், ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றதாகவும் அளந்துவிட்டேன். காஸுக்குத் துளியும் சந்தேகம் வரவில்லை. அடுத்த ஆட்டத்துக்கும் வந்தான். அவன் காப்பி கொண்டுவருவான், நான் உருளைக்கிழங்கு அடைத்த பியரோகிக் கொழுக்கட்டை கொண்டுபோவேன், இரண்டையும் வாய் ஓட்டை வழியாகத் திணித்துக்கொண்டு ஸ்டிக்னியைத் திட்டுவோம். இத்தனை வருடத்தில் நான் அவ்வளவு சிரித்ததில்லை.

இப்போது என் சங்கடம் புரிகிறதா? அணி ஜெயித்தால் பை கழலும். பை கழன்றால் காஸ் என் முகத்தைப் பார்ப்பான், எழுந்து போய்விடுவான். ஆகவே, சொல்லவே வெட்கமாக இருக்கிறது, நம் அணி தோற்க வேண்டுமென்று அந்தோணியாருக்கு மெழுகுவர்த்தி ஏற்றினேன். ஒன்பதாம் ஆட்டத்தில் நான்கு புள்ளி முன்னிலை, ஒன்பது வினாடி பாக்கி. பந்தைக் கட்டிக்கொண்டு மண்டியிட்டால் போதும், நேரம் தானாக ஓடி நாம் ஜெயித்துவிடுவோம். ஸ்டிக்னி என்னைக் கைவிடவில்லை. கொக்கின் தலையில் வெண்ணெய் வைத்துப் பிடிக்கிற மாதிரி ஏதோ தந்திரம் சொல்லி அனுப்பினார். நம் ஆள் பந்தை எதிரணிக்காரன் மடியிலேயே போட்டான், அவன் ஓடிப் போய்ப் புள்ளி எடுத்து நம்மைத் தோற்கடித்தான். அந்த மனிதரை அப்படியே கட்டிக்கொள்ளலாம் போல் இருந்தது.

அன்றைக்குத்தான் கூட்டம் கலைந்த பிறகும் காஸ் எழுந்திருக்கவில்லை.

"வால்ட்டர், எனக்கு ஒரு தம்பி இருக்கான். அப்பா அடக்கத்துல கத்திட்டான்னு ஊர் பார்க்கத் திட்டிட்டேன்."

"கத்தினது தப்புதானே சார்?"

"அன்னிக்கு என் காதுலயும் ஒரு ரேடியோ இருந்துச்சுய்யா. அவன் கத்தலைன்னா நான் கத்தியிருப்பேன். மாட்டிக்குவேனோன்னு பயந்து அவன்மேல பாய்ஞ்சுட்டேன்."

புதினா மிட்டாய் தொண்டையில் சிக்கிக்கொண்டது. பைக்குள் அழுவது மகா கஷ்டம், அக்கா, காகிதம் ஊறிவிடுகிறது.

இப்படியிருக்க ஸ்டிக்னியை நீக்கப் போவதாகப் பேச்சு வந்தால் நான் சும்மா இருப்பேனா? "இவருக்கு இன்னும் பத்து வருடம் கொடுங்கள்" என்று நம் ஊர் நாளிதழுக்கு எழுதினேன். நகைச்சுவைப் பகுதியில் போட்டார்கள். அடுத்த திங்களன்றே அவரை அனுப்பிவிட்டு, உதவியாளராக இருந்த ஹோல்ம் என்பவரிடம் அணியைக் கொடுத்தார்கள். அந்த ஆள் எந்தத் தந்திரமும் செய்யாமல், நேற்றுத் தன் முதல் ஆட்டத்திலேயே ஜெயித்துத் தொலைத்தார்.

பனி கொட்டுகிறது. மேடை முழுக்கப் பைகள் வானத்தில் பறக்கின்றன. இரண்டு பைகள் மட்டும் அசையாமல் உட்கார்ந்திருந்தோம்.

"கழட்டலையா, வால்ட்டர்?"

"குளிருது சார். நீங்க முதல்ல."

"எனக்கும்தான் குளிருது. மூணு எண்ணுவோம்."

மூன்று எண்ணினோம். இருவரும் கழற்றவில்லை. மறுபடி எண்ணினோம். அப்போதும் இல்லை. பின்வரிசைப் பெண்மணி பொறுமை இழந்து, "ரெண்டு கிழங்களும் என்ன பொண்ணு பார்க்க வந்தீங்களா?" என்று இரண்டு பையையும் ஒரே இழுப்பில் உருவிவிட்டாள்.

"அடடே, நீயா!" என்றான் காஸ்.

"ஐயோ, நீயா!" என்றேன் நான். என்ன பிரமாதமாக நடித்தேன் தெரியுமா? அவன் முழுக்க நம்பிவிட்டான். எழுந்து போகவும் இல்லை. என் தலைப் பனியைத் தட்டிவிட்டு, "காது ஜில்லுனு இருக்குடா" என்று தன் குல்லாவைக் கழற்றி எனக்கு மாட்டினான்.

இவ்வளவும் யாரால்? இன்று காலை ஸ்டிக்னிக்கு ஒரு நன்றிக் கடிதமும் இரண்டு டஜன் பியரோகியும் அனுப்பிவைத்தேன். "ஐயா, உங்கள் பதினோரு தோல்வியில் ஒன்று குறைந்திருந்தாலும் எனக்கு அண்ணன் இல்லை" என்று எழுதினேன். உண்மையும் அதுதானே.

அத்தானுக்கு என் அன்பு. பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் ஒரு முத்தம் வீதம் பிரித்துக் கொடு. நம் மூவரையும் அப்பாவும் அம்மாவும் மேலிருந்து பார்த்துக்கொள்ளட்டும்.

என்றும் உன் தம்பி,
எமில்

பின்குறிப்பு: கடிதத்தை உறையில் போடுவதற்குள் காஸ் வந்துவிட்டான். மேஜையில் இருந்ததை எடுத்துப் படித்தவன் சிரித்த சிரிப்பில் என் நாற்காலி ஆட்டம் கண்டுவிட்டது. "ஏண்டா முட்டாள், உன் பக்கத்து சீட்டு டிக்கெட்டையே லொரெட்டா அக்காதான் வாங்கி அனுப்பிச்சா! 'ஊதா மெத்தையில எமில்னு கொட்டை எழுத்துல தச்சிருக்கேன், பக்கத்துல போய் உக்காரு'ன்னு எழுதியிருந்தா. தேசிய கீதத்துக்கு நீ எழுந்திரிச்சப்பல்லாம் உன் பேரு பளபளன்னு தெரிஞ்சுது, வால்ட்டர்!" என்கிறான். ஆக, ரேடியோ கதையை அவன் யாரோ ஒருவனிடம் சொல்லவில்லை, என்னிடம்தான் சொல்லியிருக்கிறான். மேலே எழுதியதை எல்லாம் அடித்துவிடு, அக்கா. நன்றி முழுவதும் உனக்குத்தான். ஆனால் ஸ்டிக்னிக்கு அனுப்பியதை மட்டும் நான் திரும்பக் கேட்கப் போவதில்லை. பாவம், அந்த மனிதர் இந்த வருடம் இழந்தது போதும்.