முகூர்த்தப் புடவையும் தேய்ந்துபோன கிளட்சும்

கார் ஓட்டப் பழகும்போது எல்லோருக்கும் கால் நடுங்குமாம். எனக்கு நடுங்கவில்லை. வினையே அங்கேதான் ஆரம்பம்.

பட்டு நெய்யத் தறிக்குழியில் இறங்கி உட்கார்ந்தால் கால் தானாக மிதிபலகைமேல் போய்விடும். அப்புறம் சாப்பாட்டு நேரம் வரை இறங்காது. அறுந்த இழையைப் பிணைத்தாலும், பக்கத்துத் தறிக்காரியோடு ஊர்க்கதை பேசினாலும் கால் அங்கேயேதான். அப்படிப்பட்ட கால் கிளட்ச் பெடலைக் கண்டதும், 'அடடா, நம்ம வீடு!' என்று ஏறிக் குந்திக்கொண்டது. டிரைவிங் ஸ்கூல் வாத்தியார், "கியர் மாத்தும்போது மட்டும் மிதிம்மா, மத்த நேரம் கீழ வைம்மா" என்று தொண்டை வறளக் கத்துவார். எடுத்துக் கீழே வைப்பேன். அடுத்த தெருவுக்குள் பழையபடி மேலே ஏறியிருக்கும். (லைசென்ஸ் வாங்கிய அன்றைக்கு மட்டும் மரியாதையாக நடந்துகொண்டது, மகராசி கால்.)

பழைய கார் ஒன்று வாங்கினோம். வாங்கிய கையோடு என் தம்பி சேகருக்கு வாலாஜாபாத்தில் கல்யாணம். பெண்ணுக்கு முகூர்த்தப் புடவை நான் நெய்தது. விடியற்காலையில் அதை அம்மன் பாதத்தில் வைத்து வாங்கி வரவேண்டும். அதோடு, மாப்பிள்ளை தாலியில் ஒரு முடிச்சுப் போட்டதும் மிச்ச முடிச்சைப் போடவேண்டிய நாத்தனாரும் நான்தான். சொந்தபந்தம் எல்லாம் முந்தின நாளே வேனில் போய்விட்டது.

"உனக்கும் மாமாவுக்கும் காலைல ஒரு வண்டி அனுப்பட்டுமாக்கா?" என்றான் சேகர்.

"எதுக்குடா? வாசல்ல கார் நிக்குது, ஓட்ட நான் கீறேன்" என்றேன். மண்டபத்து வாசலில் காரை ஓட்டிக்கொண்டு போய் இறங்க வேண்டும் என்பதுதான் உள்ளே ஓடிய சினிமா.

கோயிலில் புடவையை வாங்கிக்கொண்டு திரும்பினால், எங்களுக்கு முன்னால் சாமி ஊர்வலம். எங்கள் ஊரில் சாமியை முந்திக்கொண்டு யாரும் போகமாட்டார்கள். ஹாரனும் அடிக்க மாட்டார்கள். வீட்டுக்கு வீடு கற்பூரம். நான் பிரேக்கைத் தொடவே இல்லை. கிளட்சைப் பாதி மிதித்து, ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் கொடுத்து, சாமிக்குப் பின்னாலேயே ஊர்ந்தேன். தெருவே நம் திறமையைப் பார்க்கிறது என்று நினைப்பு வேறு.

ஊரைத் தாண்டியதும் வீட்டுக்காரர் மூக்கை உறிஞ்சினார். "இன்னாமே, எதோ தீயற வாசனை வருது?"

எனக்கு உயிரே போய்விட்டது. ஓரமாக நிறுத்திப் புடவைப் பையை மடியில் போட்டு மோந்து பார்த்தேன். பட்டு எரிந்தால் முடி பொசுங்குகிற நாற்றம் வரும். இழையைக் கொளுத்தி மோந்தே அசல் பட்டா என்று சொல்கிறவள் நான். இது அந்த நாற்றம் இல்லை.

"பட்டு இல்லீங்க. பயப்படாதீங்க" என்று தீர்ப்பு சொல்லிவிட்டு மறுபடி கிளப்பினேன். பட்டு தீயவில்லை என்றால் உலகத்தில் வேறு எதுவும் தீயவில்லை!

அய்யம்பேட்டை தாண்டியதும் இன்ஜின் பஸ் மாதிரி உறுமியது. கார் மட்டும் நகர யோசித்தது. இன்னும் அழுத்தினேன். உறுமல் கூடியது, வேகம் குறைந்தது. கடைசியில் சத்தம் மட்டும் வாலாஜாபாத்துக்குப் போக, நாங்கள் வயல் ஓரமாக நின்றுவிட்டோம்.

போன் அடித்தது. சேகர். "யக்கா, எங்க கீற? ஐயர் அவசரப்படுத்தறாரு. இன்னும் அரைமணி பாப்பாங்களாம். அப்புறம் பொண்ணுக்கு வேற புடவை கட்டி மணவறைக்குக் கூப்பிட்டுக்குவாங்களாம். முடிச்சுப் போட நம்ம பெரியப்பா பொண்ணு கோமதி வந்து நின்னுக்கினா."

கோமதியா! நான் நெய்த புடவை இல்லாமல், நான் போடவேண்டிய முடிச்சை கோமதி போடுவதா? ஆட்டோ ஏதாவது வருமா என்று நடுரோட்டில் நின்று கையை ஆட்டினேன். வந்தது ஒரு டிராக்டர்.

ஓட்டி வந்தவர் சங்கதியைக் கேட்டுவிட்டு, "கட்டி இழுத்துக்கினு போயிரலாம்க்கா. ஆனா கயிறு இல்லியே. கெட்டியா, நீளமா எதனா துணி கீதா?" என்றார்.

வீட்டுக்காரர் பார்வை ஒரு கணம் பின்சீட்டுக்குப் போனது. நான் பார்த்த பார்வையில் அதே வேகத்தில் திரும்பி வந்தது. ஓடிப்போய்ப் பக்கத்துக் களத்திலிருந்து மாடு கட்டும் கயிறு வாங்கி வந்தார்.

டிராக்டர் இழுக்க, பட்டுப்புடவையும் தலை நிறையப் பூவுமாக நான் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி கம்பீரமாகப் போனேன். வீட்டுக்காரர் கீழே குனிந்து பார்த்தார்.

"செல்வி, இழுக்கறது டிராக்டரு. இப்ப எதுக்கு கிளட்ச மிதிச்சிக்கினு வர்ற?"

மண்டபத்து வாசலில் பெண்ணின் அத்தை, "சீர் டிராக்டர்ல வருதா!" என்று வாயைப் பிளந்தார். புடவையைப் பெண் கையில் கொடுத்துவிட்டு மேடைக்கு ஓடினேன். ஓடினேனா? மரத்துப்போன இடதுகாலை இழுத்துக்கொண்டு போனேன். மணவறைக்குப் பக்கத்தில் கோமதி வளையலையெல்லாம் மேலே தள்ளிவிட்டுத் தயாராக நின்றிருந்தாள்.

"நவுரும்மா" என்றேன்.

"கொஞ்சம் லேட்டா வந்திருக்கக் கூடாதாக்கா?" என்று சிரித்துக்கொண்டே நகர்ந்தாள். பெண் புடவை மாற்றி வந்தாள், கெட்டிமேளம் கொட்டியது, முடிச்சை நான்தான் போட்டேன். அவிழ்க்க யாராலும் முடியாத முடிச்சு.

மறுநாள் மெக்கானிக் கிளட்ச் தட்டைக் கழற்றிக் காட்டினார். வழவழவென்று இருந்தது. "ஒழுங்கா ஓட்னா வருசக்கணக்கா வரும்மா. நீங்க காலை மேலயே வச்சிருந்தா அது தேஞ்சிக்கினேதான் இருக்கும். இதுல இப்ப தோசை வேணா ஊத்தலாம்" என்றார்.

வீடியோக்காரர் மட்டும் நாங்கள் வந்ததை ஏதோ மாப்பிள்ளை வீட்டு ஏற்பாடு என்று நினைத்து, ஒன்றுவிடாமல் படம் பிடித்துவிட்டார். கல்யாண வீடியோவில் அதற்குப் பாட்டும் உண்டு. எல்லோருக்கும் ஸ்லோ மோஷன் வைத்தவருக்கு, எங்கள் காட்சியில் மட்டும் அந்த வேலை மிச்சம்.

சேகர் மகளுக்கு இப்போது பேச்சு வந்துவிட்டது. அவளுக்கு நான் 'டிராக்டர் அத்தை'. "கார்லதாண்டி வந்தேன், பின்னாடி பாரு!" என்று ஒவ்வொரு தடவையும் டிவியில் தொட்டுக் காட்டுகிறேன். நன்றாகப் பாருங்கள், உங்களுக்கும் தெரியும்: மண்டபத்துக்குள் டிராக்டர் திரும்புகிற இடத்தில், பின்னால் முறைப்படி இண்டிகேட்டர் போட்டிருக்கிறேன்.