கடலாக அறிவிக்கப்பட்ட ஊர்கள்

மூன்று பக்கம் கடலும் ஒரு பக்கம் புகைபோக்கிகளும் எல்லையாகக் கொண்ட அலைவாய் நாட்டில் செந்திரு என்றொருத்தி இருந்தாள். காற்று எதை எங்கே கொண்டுபோய்ச் சேர்க்கும் என்று கணினியில் கணிப்பது அவள் உத்தியோகம். நாட்டு வரைபடத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, நிலத்துக்குப் பச்சையும் கடலுக்கு நீலமும் தீட்டியிருந்தாள்.

இரவில் கடலுக்குப் போகும் ஆலைப்புகை, காலை வெயிலில் வெந்து, முன்னிலும் நஞ்சாகி, மதியக் கடற்காற்றோடு கரையோர ஊரான உப்பங்கரைக்கே திரும்பிவிடுகிறது என்றது கணினி. தன் கணக்கில்தான் பிழையோ என்று மூன்று நாள் ஓட்டிப் பார்த்தாள். உப்பங்கரையில் வாழ்ந்த அவள் தங்கை வேணிக்கு மூன்று நாளும் மதியம்தான் இளைப்பு வந்தது.

காற்றுத்துறை அமைச்சர் அறிக்கையைப் பொறுமையாகக் கேட்டார்.

“கடல் மேல புகை இருந்தா குத்தமாம்மா?”

“சட்டப்படி இல்லீங்க ஐயா. கடல்ல குடிமக்கள் இல்லையே.”

“அப்புறம் என்ன? உப்பங்கரையை நீலமாக்கு.”

அன்று மாலையே அரசிதழ் உப்பங்கரையைக் கடலாக அறிவித்தது. ஊரின் மாசு பூஜ்யமானது. பேருந்துகளை நிறுத்திவிட்டு, தெருவில் நடக்க மீன்பிடி உரிமம் கேட்டார்கள்.

“ஆஸ்பத்திரியில இளைப்புக்கு மருந்து கேட்டேன்க்கா,” என்றாள் வேணி தொலைபேசியில். “மீனுக்கெல்லாம் தர உத்தரவில்லைன்னுட்டான். எனக்குச் செதில் எங்கடான்னேன். மனு போட்டா வருமாம்.” சிரிக்கப் போனவளுக்கு மூச்சு வாங்கியது.

செந்திரு அமைச்சரிடம் ஓடினாள். “ஆஸ்பத்திரி இருக்கிற ஒரே ஒரு கட்டத்தையாவது பச்சையாக்குங்க ஐயா.”

“ஓர் ஊருக்கு மட்டும் தனிச் சலுகையா? பாரபட்சம் கூடாதும்மா. பக்கத்து ஊரையும் கடலாக்கு.”

புகை போய்ச் சேர்ந்த ஊரெல்லாம் கடலானது. கடலுக்கு வாக்குரிமை இல்லை. தேர்தல் வந்தபோது பச்சையாக மிஞ்சியிருந்தது மன்னரின் படுக்கையறை மட்டுமே. பதிவான வாக்கு ஒன்று. மன்னர் நூறு விழுக்காடு பெற்று வென்றார்.

நன்றி சொல்ல மாடத்துக்கு வந்தவர் கால்மணி நேரம் இருமினார். அது வெற்றியுரை என்று பதிவாயிற்று. கீழே நின்ற தலைநகரமும் சேர்ந்து இருமியது.

“அலையோசைன்னு குறிச்சுக்கம்மா,” என்றார் அமைச்சர். “உப்பங்கரைப் பக்கம் எப்படி?”

செந்திரு காலையிலிருந்து வேணியை அழைத்துக்கொண்டிருந்தாள். மணி மட்டுமே அடித்தது.

“சத்தமே இல்லீங்க ஐயா.”

“நல்லது. கடல் அமைதின்னு எழுது.”